ப்ளே ஸ்டோர் கமிஷனை எதிர்த்து சென்னையில கேஸ் போட முடியுமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் திண்டுக்கல் பக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, குரூப் 2 எழுதுறவங்களுக்காக நானும் என் மச்சானும் சேர்ந்து மாடல் டெஸ்ட் ஆப் ஒண்ணு பண்ணியிருக்கோம். இதுவரைக்கும் ஃப்ரீயா விட்டிருந்தோம், அடுத்த மாசத்துல இருந்து 299 ரூபாய்னு மாசச் சந்தா வெக்கலாம்னு இருக்கோம். ஆப்புக்குள்ள காசு வாங்குனா கூகுளுக்கு 15 பர்சென்ட் போகும்னு தெரிஞ்சதுல இருந்து மச்சான் கொதிச்சுப்போய் இருக்காரு. யூபிஐல வாங்குனா யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாமே, இது ஏகபோகம் இல்லையா, இந்தியாவுலயே ஆயிரம் கோடிக்கு மேல அபராதம் போட்டாங்களே, அமெரிக்காவுல ஒரு கேம் கம்பெனி கேஸ் போட்டு ஜெயிச்சுச்சே, நாமளும் சென்னை ஹைகோர்ட்ல போடுவோம்ங்கிறாரு. இல்லன்னா பேசாம ஆப்புக்குள்ளேயே யூபிஐ க்யூஆர் கோடை வெச்சுடலாம்ங்கிறாரு. கேஸ் போட்டா நிக்குமா? புகார் கொடுத்தா எங்க ஆப்பைத் தூக்கிடுவாங்களா? என்னதான் பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த க்யூஆர் கோடு விஷயம். வெக்காதீங்க. உங்க மச்சான் இதைப் படிக்கிறதுக்குள்ள அப்டேட்ல ஏத்திடுவாரோன்னுதான் இதை மேலேயே எழுதுறேன். டெஸ்ட், வீடியோ, பிடிஎஃப் மாதிரி டிஜிட்டல் சரக்கை ஆப்புக்குள்ள வித்தா ஒண்ணு கூகுளோட பில்லிங், அதாவது அவங்களோட பணம் வாங்குற முறை வழியா வாங்கணும், இல்ல அவங்க அனுமதிச்ச மாற்று வழியில வாங்கணும், இது நீங்க டெவலப்பர் அக்கவுண்ட் தொறக்கும்போது படிக்காமலே டிக் அடிச்ச ஒப்பந்தத்துல இருக்கு. அந்த ஷரத்து நியாயமா இல்லையான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை போயிருக்கு, சரிதான், ஆனா சண்டை முடியிற வரைக்கும் ஷரத்து உசுரோட இருக்குல்ல. மீறுனீங்கன்னா ஆப்பை எடுக்குறதுக்கு அவங்களுக்கு எந்த கோர்ட்டும் வேண்டாம். அதுக்கப்புறம் நீங்க போய் ஏகபோகம்னு புகார் கொடுத்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்ற முதல் வரி, இவங்க ஒப்பந்தத்தை மீறுனவங்கங்கிறதாத்தான் இருக்கும்.

இப்ப ஏகபோகத்துக்கு வருவோம். மச்சான் கோபத்துல பாதி நியாயம் இருக்கு, ஆனா சட்டம் அவரு நினைக்கிற மாதிரி வேலை செய்யல. நம்ம ஊர்ல முன்னாடி எம்ஆர்டிபி சட்டம்னு 1969ல வந்தது ஒண்ணு இருந்துச்சு, அது கம்பெனி எவ்ளோ பெருசுன்னே பார்த்துச்சு, சொத்து இவ்ளோ தாண்டுனா கண்காணிப்புன்னு. அதை எடுத்துட்டு 2002ல போட்டிச் சட்டம் கொண்டுவந்தாங்க. இதுல பெருசா இருக்குறது தப்பே கிடையாது, அந்தப் பலத்தைத் தப்பா பயன்படுத்துறதுதான் தப்பு, பிரிவு 4 சொல்றது அதைத்தான். ஊர்ல கல்யாண மண்டபம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க, வாடகையைக் கொஞ்சம் கூட்டி வாங்குறாரு, புலம்பிக்கிட்டே கொடுப்போம், அதுக்காக அவர் மேல கேஸ் வராது. ஆனா மண்டபம் வேணும்னா சமையலுக்கும் என் ஆளைத்தான் வெக்கணும், வெளி சமையல்காரர் உள்ள காலெடுத்து வெக்கக்கூடாது, மீறி வெளி ஆளைக் கூப்பிட்டாலும் எனக்கு இவ்ளோ வெட்டணும்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் சட்டம் உள்ள வருது. ஒரு சந்தையில இருக்குற பலத்தை வெச்சு இன்னொரு சந்தையைப் பிடிக்கிறது. ப்ளே ஸ்டோர் மண்டபம், பில்லிங் சமையல். உங்க மச்சானோட கேள்வியை அதனால 15 பர்சென்ட் அதிகமா இல்லையான்னு கேக்கக்கூடாது, ஏன் உங்க சமையல்காரரையே வெக்கணும்னு கேக்கணும். கமிஷன் அதிகம்ங்கிற புகாரும் பிரிவு 4ல வரும், நியாயமில்லாத விலைன்னு, ஆனா எது நியாயமான விலைன்னு நிரூபிக்கிறதுக்குள்ள தலை நரைச்சிடும்.

அடுத்தது, எந்தச் சந்தையில பெரிய ஆளு? வக்கீல்கள் பாதி ஃபீஸ் வாங்குறதே இந்தக் கேள்விக்குத்தான். ஐபோனையும் சேர்த்துப் பாருங்க, எங்களுக்குப் போட்டி இருக்குன்னு கூகுள் சொல்லும். நம்ம போட்டி ஆணையம், அதான் சிசிஐ, அதை ஏத்துக்கல. ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கறவருக்கு ஆப்பிள் ஸ்டோர் எப்படி மாற்று ஆகும், அவரு போனையே மாத்தணுமேன்னு சொல்லி இந்தியாவுல ஆண்ட்ராய்டுக்கான ஆப் ஸ்டோர்ங்கிறதைத் தனிச் சந்தையாவே எடுத்துக்கிட்டாங்க. நம்ம நாட்டுல பத்து போன்ல ஒன்பதுக்கு மேல ஆண்ட்ராய்டுதான், அதுலயும் போன் வாங்கும்போதே ப்ளே ஸ்டோர் உள்ள உக்காந்திருக்கும். போன்பே கம்பெனி 2024ல இண்டஸ்னு ஒரு ஆப் ஸ்டோர் தொறந்தாங்க, கமிஷன் விஷயத்துல தாராளமா இருப்போம்னாங்க, நல்ல முயற்சிதான். ஆனா உங்க மாணவர் ஒருத்தர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு டிஎன்பிஎஸ்சி டெஸ்ட்னு எங்க போய் தேடுவாருன்னு நீங்களே சொல்லுங்க.

மச்சான் சொல்ற ஆயிரம் கோடி அபராதம், அதுல ஒரு குழப்பம் இருக்கு. 2022 அக்டோபர்ல ஒரே வாரத்துக்குள்ள ரெண்டு ஆணை வந்துச்சு. 1,337.76 கோடி போட்டது ஆண்ட்ராய்டு போன்ல சர்ச், குரோம் எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்தி விக்கச் சொன்ன விஷயத்துக்கு. உங்க பில்லிங் விவகாரம் அது இல்ல, அது ரெண்டாவது ஆணை, 936.44 கோடி. அதுல சிசிஐ நல்லாவே திட்டியிருந்தாங்க, கூகுளோட யூடியூபே இந்த பில்லிங்கைப் பயன்படுத்தல, மத்தவங்களுக்கு மட்டும் கட்டாயமான்னு. அப்பீல்ல என்ன ஆச்சுன்னா 2025 மார்ச் 28ஆம் தேதி என்சிஎல்ஏடி, அதான் சிசிஐ ஆணைக்கு எதிரான அப்பீலைக் கேக்குற தீர்ப்பாயம், தப்பு நடந்தது உண்மைதான்னு ஒரு பகுதியை உறுதி பண்ணிட்டு அபராதத்தை 216.69 கோடியா குறைச்சுட்டாங்க. மொத்த இந்திய வருமானத்தையும் கணக்குல எடுக்கக்கூடாது, ப்ளே ஸ்டோர்ல வந்த வருமானத்துல இருந்துதான் கணக்குப் போடணும்னு. 2017ல எக்செல் கிராப் கேர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன வழி அது. அதை மாத்தத்தான் பார்லிமெண்ட்ல 2023ல திருத்தம் கொண்டுவந்து உலக அளவு வருமானத்துலயே அபராதம் போடலாம்னு ஆக்குனாங்க, ஆப்பிள் அதை எதிர்த்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, அது தனிக் கதை. நம்ம பில்லிங் கதை இப்ப ரெண்டு தரப்போட மேல்முறையீட்டுல சுப்ரீம் கோர்ட்ல. புகார் வந்த வருஷம் 2020ங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, யாரும் சரியா சொல்றதில்ல, அந்தக் கோடிகள்ல புகார் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் வராது. அபராதம் மத்திய அரசோட தொகுப்பு நிதிக்குப் போகும். நஷ்டஈடு வேணும்னா போட்டிச் சட்டம் பிரிவு 53N கீழ என்சிஎல்ஏடியில தனியா மனு போடணும், அதுவும் தப்பு நடந்துச்சுன்னு முடிவான பிறகு, நடைமுறையில மேல்முறையீடெல்லாம் ஓய்ஞ்ச பிறகுதான் அது நகரும்.

சரி, சென்னை ஹைகோர்ட். நீங்க போடலாம்னு நினைக்கிற கேஸை உங்களுக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க போட்டுட்டாங்க தம்பி. நம்ம சென்னை கம்பெனி மேட்ரிமோனி டாட் காம், அதான் பாரத்மேட்ரிமோனி நடத்துறவங்க, இன்னும் பல ஸ்டார்ட்அப்கள், எல்லாரும் 2023ல சிவில் வழக்கு போட்டாங்க, இந்த பில்லிங் ஷரத்து செல்லாதுன்னு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல தனி நீதிபதி வழக்குகளை வாசல்லயே தள்ளுபடி பண்ணிட்டாரு. போட்டிச் சட்டம் பிரிவு 61 என்ன சொல்லுதுன்னா, சிசிஐ தீர்மானிக்க வேண்டிய விஷயத்துல சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது. நாங்க ஒப்பந்தச் சட்டத்துல கேக்குறோம், ஏகபோகம்னு கேக்கலன்னு அவங்க எவ்வளவோ வாதாடிப் பார்த்தாங்க, ஆனா மனுவை உரிச்சுப் பார்த்தா உள்ள இருக்குறது ஆதிக்க துஷ்பிரயோகம்தானேன்னு கோர்ட் சொல்லிடுச்சு. 2024 ஜனவரியில டிவிஷன் பெஞ்சும் அதையே உறுதி பண்ணாங்க. பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனா இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்துட்டாங்க.

டிஸ்னி ஸ்டாருக்கு மட்டும் 4 பர்சென்ட் கட்டுனா போதும்னு 2023 ஜூலையில இதே ஹைகோர்ட் சொல்லுச்சேன்னு மச்சான் கேக்கலாம். சொல்லுச்சு, உண்மைதான், ஆனா அது இடைக்கால ஏற்பாடு. அதைக் காட்டி உங்களுக்கும் அதே கிடைக்கும்னு எந்த வக்கீலாவது ஃபீஸ் கேட்டாருன்னா எழுந்து வந்துடுங்க.

அடுத்து நடந்ததைத்தான் நீங்க கவனமா படிக்கணும். 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணம் கட்டலன்னு சொல்லி பாரத்மேட்ரிமோனி, நௌக்ரி மாதிரி பெரிய பெரிய ஆப்களையெல்லாம் ப்ளே ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. கல்யாண ஆப், வேலை தேடுற ஆப், தினம் லட்சக்கணக்குல ஆளுங்க பயன்படுத்துறது, அத்தனையும் காணோம். மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மறுநாளே இதை அனுமதிக்க முடியாதுன்னு பேட்டி கொடுத்து, ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, சில நாள்ல ஆப்கள் திரும்ப வந்துச்சு. திரும்பக் கொண்டுவந்தது எந்தச் சட்டப் பிரிவும் இல்ல, மந்திரி போட்ட மீட்டிங். திண்டுக்கல்ல இருந்து நீங்க போன் பண்ணா மந்திரி எடுப்பாரான்னு யோசிச்சுப் பாருங்க. நான் சும்மா பயமுறுத்தல, எந்தச் சண்டையை யாரு தாங்குவாங்கன்னு கணக்குப் பார்க்கச் சொல்றேன்.

அதே மேட்ரிமோனி டாட் காம் இன்னொரு சண்டையில ஜெயிச்ச கதையும் இருக்கு. சர்ச் ரிசல்ட்ல கூகுள் தன் சேவைகளையே முன்னாடி தள்ளுதுன்னு 2012ல சிசிஐக்குப் போனாங்க, 2018 பிப்ரவரியில 135.86 கோடி அபராதம்னு ஆணை வந்துச்சு. ஜெயிச்சாச்சு, ஆனா ஆறு வருஷம். உங்க டெஸ்ட் ஆப் ஆறு வருஷத்துல எத்தனை குரூப் 4 பார்த்திருக்கும்?

அப்ப போகவேண்டிய இடம் சிசிஐதான். அதுக்கு டெல்லி வரைக்கும் அலைய வேண்டாம், தென் மண்டல அலுவலகம் சென்னையில 2021ல தொறந்தாங்க. புகார்னு சொல்ல மாட்டாங்க, தகவல்னு சொல்வாங்க, பிரிவு 19 கீழ யாரு வேணா கொடுக்கலாம். உனக்கு நேரடியா பாதிப்பு இருக்கான்னு கேட்டு விரட்டக்கூடாதுன்னு 2020ல ஊபர், ஓலா சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிடுச்சு. அந்த 1,337 கோடி ஆண்ட்ராய்டு வழக்கையே தொடங்கி வெச்சது கம்பெனி ஒண்ணும் இல்ல, மூணு இளைஞர்கள். பிரச்சனை நடந்து மூணு வருஷத்துக்குள்ள கொடுத்துடணும், இது 2023 திருத்தத்துல வந்தது, நிறைய பேருக்குத் தெரியாது. முகாந்திரம் இருக்குன்னு ஆணையம் நினைச்சா டைரக்டர் ஜெனரலை, அதான் அவங்க விசாரணைப் பிரிவை, விசாரிக்கச் சொல்லும், இல்லன்னா அங்கேயே கோப்பை மூடிடும், மூடுறதுதான் அதிகம்.

ஆப்பைத் தூக்கிடுவாங்களான்னு கேட்டீங்க. புகார் கொடுத்ததுக்காகன்னு சொல்லி யாரும் தூக்க மாட்டாங்க, தூக்குறதா இருந்தா வேற ஒரு பாலிசி மீறல் காரணமா வரும், அதனால உங்க பக்கம் மீறல் எதுவும் இல்லாம வெச்சுக்கோங்க. பேரை ரகசியமா வெக்கச் சொல்லியும் கேக்கலாம். நான் மேல சொன்ன 936 கோடி வழக்குல முதல்ல புகார் கொடுத்தவரு பேரு ஆணையில இன்னைக்கும் எக்ஸ்ஒய்இசட்னுதான் இருக்கு. என்ன, பெரிய பொதுவான பிரச்சனைக்கு அது சரியா வரும், உங்க ஆப்புக்கு மட்டும் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுனா பேரை மறைச்சாலும் யாருன்னு தெரிஞ்சிடும். இப்ப உங்களுக்கு இருக்குறது பொதுவான பிரச்சனைதான், அதுக்கு ஏற்கனவே விசாரணையும் இருக்கு. கூகுள் பில்லிங் பக்கத்துலயே டெவலப்பரோட சொந்தப் பணம் வாங்குற வழியையும் வெச்சு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க விடுற யூசர் சாய்ஸ் பில்லிங்கும் கண்துடைப்புன்னு சில நிறுவனங்களும் அமைப்புகளும் கொடுத்த புகார்ல 2024 மார்ச்சுல சிசிஐ புதுசா விசாரணைக்கு உத்தரவு போட்டாங்க, அதே மாசம் இடைக்காலத் தடை கேட்டதை மட்டும் மறுத்துட்டாங்க. அதனால நீங்க தனியா போய் அதே புகாரை இன்னொரு தடவை கொடுக்குறதுல லாபம் இல்ல. உங்களை மாதிரி சின்ன டெவலப்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வழியா உங்க கணக்கை, அதாவது எவ்ளோ வித்தோம் எவ்ளோ போச்சுங்கிற நெசமான கணக்கை, அந்த விசாரணைக்குக் கொடுத்தா அதுக்கு மதிப்பு இருக்கு. பெரிய கம்பெனிகளோட அழுகையைவிட 500 சந்தாதாரர் வெச்சிருக்கறவர் கணக்கு அங்க நல்லா எடுபடும்ங்கிறது என் அபிப்ராயம்.

அமெரிக்க கேம் கம்பெனி விஷயம். எபிக் கேம்ஸ், ஃபோர்ட்நைட் விளையாட்டு பண்றவங்க. 2020 ஆகஸ்ட்ல வேணும்னே தங்களோட சொந்த பேமெண்டை ஆப்புக்குள்ள வெச்சாங்க, உங்க மச்சானோட க்யூஆர் திட்டமேதான், ஆப்பிளும் கூகுளும் அன்னைக்கே ஆப்பை எடுத்தாங்க, எடுத்த கையோட ரெண்டு பேர் மேலயும் கேஸ். எல்லாம் முன்கூட்டியே தயாரா வெச்சிருந்தாங்க. அந்த மாதிரி ஆப் இல்லாம வருஷக்கணக்குல உக்காந்திருக்க அவங்ககிட்ட காசு இருந்துச்சு. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, ஒரே கதை, ரெண்டு கோர்ட்டு, ரெண்டு முடிவு. ஆப்பிள் கேஸ்ல 2021ல நீதிபதி, ஏகபோகம் நிரூபிக்கப்படலன்னுட்டாங்க, வெளியில வாங்கலாம்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லவிடாம தடுக்குறது மட்டும் கலிபோர்னியா சட்டப்படி தப்புன்னாங்க. கூகுள் கேஸ்ல 2023 டிசம்பர்ல ஜூரி எல்லாக் கேள்விக்கும் எபிக் பக்கமே சொன்னாங்க. இவ்வளவுக்கும் ஆண்ட்ராய்டுதான் ஆப்பிளைவிடத் தொறந்த அமைப்பு, வேற ஸ்டோர் போட்டுக்கலாம். எனக்குத் தெரிஞ்சு கூகுளைக் கவுத்தது காகிதம். போன் கம்பெனிகளோடயும் பெரிய கேம் கம்பெனிகளோடயும் தனித்தனியா போட்ட டீல்கள், போட்டி ஸ்டோர் பக்கம் போயிடாதீங்கன்னு கொடுத்த காசு, எல்லாம் வெளிய வந்துச்சு. அதைவிட மோசம், ஊழியர்களோட உள் சாட் 24 மணி நேரத்துல தானா அழியுற மாதிரி வெச்சிருந்தாங்க, கேஸ் வந்த பிறகும் அதை நிறுத்தல. அழிஞ்சதுல கூகுளுக்குப் பாதகமானது இருந்திருக்கும்னு நீங்க ஊகிச்சுக்கலாம்னு நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ ஜூரிகிட்டயே சொல்லிட்டாரு. ப்ளே ஸ்டோர் விதிகளை மாத்தச் சொல்லி 2024 அக்டோபர்ல அவர் போட்ட ஆணையை 2025 ஜூலையில அப்பீல் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. ஆனா மச்சான்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க, அந்த ஆணை அமெரிக்காவுல இருக்குற ப்ளே ஸ்டோருக்கு மட்டும்தான், திண்டுக்கல்லுக்கு வராது. அதோட எபிக் நஷ்டஈடுன்னு ஒரு டாலர்கூட கேக்கல, விதியை மாத்துன்னு மட்டும்தான் கேட்டாங்க. அவங்க போட்டது அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வரப்போற லாபத்துக்கான முதலீடு, அந்த விளையாட்டு நமக்கு ஆகாது.

இங்கயும் முன்கூட்டியே விதி போடுற சட்டம் வரும்னு பேச்சு இருக்கு. தப்பு நடந்து புகார் வந்து விசாரிச்சுன்னு இழுக்காம, பெரிய தளங்கள் இதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு முதல்லயே பட்டியல் போடுறது. 2024 மார்ச்சுல டிஜிட்டல் போட்டி மசோதான்னு வரைவு வந்துச்சு, ஐரோப்பாவுல ஏற்கனவே அப்படி ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. வரைவை நம்பி விலை வெக்காதீங்க.

இப்ப உங்க 299 ரூபாயை எடுத்துக்குவோம். ஜிஎஸ்டியை ஒதுக்கி வெச்சுட்டு 500 பேர் சந்தா கட்டுறாங்கன்னு வைங்க, மாசம் 1,49,500. சந்தாவுக்கு ப்ளே பில்லிங்ல 15 பர்சென்ட், 22,425 போகுது. யூசர் சாய்ஸ் பில்லிங் போட்டீங்கன்னா வாடிக்கையாளர் உங்க கேட்வேயை, அதாவது நீங்க பணம் வாங்க வெச்சிருக்குற பேமெண்ட் சேவையை, தேர்ந்தெடுத்தா 4 பர்சென்ட் குறைச்சு 11 பர்சென்ட் வாங்குவாங்க, அது 16,445, அதோட கேட்வேக்காரருக்கு சுமாரா 2 பர்சென்ட் 2,990, மொத்தம் 19,435. நீங்க மிச்சம் பிடிச்சது மாசம் 2,990 ரூபாய், அதுவும் 500 பேரும் உங்க வழியையே அமுக்குனா. ரெண்டு பில்லிங்கையும் கோட்ல இணைச்சு, ரீஃபண்டு கேக்குறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லி, ராத்திரி பதினோரு மணிக்கு பணம் போயிடுச்சு டெஸ்ட் தொறக்கலன்னு வர்ற மெசேஜைப் பார்த்து... அதுக்கு 2,990 பத்தாது. இதனாலதான் அதைக் கண்துடைப்புன்னு புகார் கொடுத்தாங்க.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, உங்களுக்கு நான் சொல்றது அதைத்தான். சந்தாவை உங்க வெப்சைட்ல வித்துடுங்க, ஆப்பை வெறும் பயன்படுத்துற ஆப்பா வெச்சுக்கோங்க, ஏற்கனவே காசு கட்டுனவரு லாகின் பண்ணுவாரு, டெஸ்ட் எழுதுவாரு, அவ்ளோதான். ஆப்புக்குள்ள விலையும் போடாதீங்க, பே பண்ற பக்கத்துக்கு லிங்கும் கொடுக்காதீங்க, வாங்க இங்க கட்டுங்கன்னு அம்புக்குறியும் போடாதீங்க. இது அவங்க பாலிசியே அனுமதிக்கிறது. ஆப்புக்கு வெளிய, அதாவது ஈமெயில், உங்க டெலிகிராம் சேனல், யூடியூப், கோச்சிங் சென்டர் வாசல்ல ஒட்டுற நோட்டீஸ், எங்க வேணா வெப்சைட்ல சந்தா கட்டலாம்னு தாராளமா சொல்லலாம். அச்சடிச்ச கைடு புக்கை கூரியர்ல அனுப்புறீங்கன்னா அது டிஜிட்டல் சரக்கே இல்ல, அதை ஆப்புக்குள்ள வித்தாலும் ப்ளே பில்லிங் வேண்டாம், உங்க கேட்வேயே போதும்.

வெப்சைட்ல போனா கேட்வே 2,990 மட்டும், ப்ளே பில்லிங்கைவிட மாசம் 19,435 மிச்சம். ஆனா கணக்கை இப்படியும் பாருங்க, ஒருத்தர்கிட்ட இருந்து உங்களுக்கு நிக்கிறது 293 ரூபாய், 500ல 66 பேர் வெப்சைட் வரைக்கும் வர சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டாங்கன்னா சேமிச்சது மொத்தமும் போச்சு. டிஎன்பிஎஸ்சி எழுதுறவங்க டெலிகிராம் குரூப்லயே குடியிருக்கறதால உங்களுக்கு அந்த 66 பேர் போக மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது, ஆனா கேம் ஆப்போ ஜாதக ஆப்போ வெச்சிருக்கறவரு இதையே பண்ணா பாதி பேரை இழந்துடுவாரு. ரெண்டு மாசம் வெப்சைட்ல மட்டும் வித்துப் பாருங்க. சரிவரலன்னா பேசாம 15 பர்சென்ட்டைக் கொடுத்துட்டு விலையை 349 ஆக்குங்க. விகிதம் அப்பப்ப மாறும், போடுற அன்னைக்கு ப்ளே கன்சோல்ல, அதான் உங்க டெவலப்பர் அக்கவுண்ட் பக்கத்துல, என்ன இருக்கோ அதைப் பார்த்துக்கோங்க.

நேரா யூபிஐக்கு கட்டணமே இல்லன்னு மச்சான் சொல்றது சரிதான். ஆனா அவரோட சொந்த நம்பருக்கு 500 பேர் 299 அனுப்பி ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்ல போட்டா, அதுல பத்து போலி ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அதைப் பிரிக்க ஒரு ஆள் சம்பளத்துக்கு வேணும். கேட்வேயே வெச்சுக்கோங்க, கரண்ட் அக்கவுண்ட்ல வரட்டும்.

பின்னாடி என்னைக்காவது புகார் கொடுக்க வேண்டி வந்தா உதவும், அதனால இன்னைக்கே ஒரு ஃபோல்டர் போட்டுக்கோங்க. பாலிசி பக்கம் மாறும்போதெல்லாம் தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், அவங்ககிட்ட இருந்து வர்ற ஒவ்வொரு மெயிலும், நீங்க போட்ட அப்பீல், மாச மாசம் கமிஷன் ரிப்போர்ட். கன்சோல்லதான் இருக்கேன்னு விட்டுடாதீங்க, அக்கவுண்ட் முடங்குனா அதுக்குள்ள இருக்குற ஆதாரமும் சேர்ந்து முடங்கும்.

கடைசியா ஒண்ணு, நீங்க எழுதாம விட்டது. டெவலப்பர் அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்கு? கூகுளோட ஒப்பந்தம் அவர்கூட மட்டும்தான், நாளைக்கு நஷ்டஈடு கேக்குறதா இருந்தாலும் அவருதான் கேக்கணும், மத்தவரு வெளி ஆளு. நீங்களும் மச்சானும் பார்ட்னர்ஷிப் பத்திரம் எதுவும் எழுதலன்னா, 299 போடுறதுக்கு முன்னாடி ஆடிட்டரைப் பார்த்து அதை எழுதிப் பதிவு பண்ணிட்டு, அக்கவுண்டை ஃபர்ம் பேருக்கு மாத்துங்க. ஜிஎஸ்டி எப்ப எடுக்கணும்ங்கிறதையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க.